முகம் முகமாகத் தெரிய வேண்டும்! வீட்டு வீடியோவில் நிறம் திருத்தும் வழிகள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, செல்போனிலும் கேமராவிலும் சேர்ந்து கிடக்கும் வீடியோக்களை அதில் ஏற்றிப் பெரிய திரையில் பார்ப்பது. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் படும். மண்டபத்துக்குள் எடுத்த காட்சி முழுவதும் மஞ்சள். வாசலில் பந்தல் நிழலில் எடுத்தது நீலம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது லேசான பச்சை. ஒரே விசேஷம், ஒரே நபர். ஆனால் மூன்று காட்சிகளில் மூன்று நிறம்.

இதைச் சரி செய்ய முடியுமா? பெரும்பாலும் முடியும். பணம் கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேரே போதும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கரெக்‌ஷன் வேறு, கிரேடிங் வேறு

இந்த இரண்டு சொற்களையும் பலர் ஒரே பொருளில் பயன்படுத்துகிறார்கள். கலர் கரெக்‌ஷன் என்பது தவறாகப் பதிவான நிறத்தை உள்ளபடி கொண்டு வருவது. வெள்ளை வேட்டி வெள்ளையாக, மஞ்சள் கிழங்கு மஞ்சளாக, முகம் முகமாகத் தெரிய வேண்டும். கலர் கிரேடிங் என்பது அதற்குப் பிறகு, காட்சிக்கு ஒரு தனி உணர்வைக் கொடுப்பதற்காக நிறத்தை வேண்டுமென்றே மாற்றுவது. பழைய காலத்துக் கதை என்றால் லேசான பழுப்பு, திகில் காட்சி என்றால் நீலம் என்று சினிமாவில் பார்க்கிறோமே, அதுதான் கிரேடிங்.

ஃபிலிம் காலத்திலும் இந்த வேலை இருந்தது. சென்னையில் பிரசாத், ஜெமினி போன்ற கலர் லேப்களில் பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று விளக்குகளின் அளவை ஒவ்வொரு ஷாட்டுக்கும் கூட்டிக் குறைப்பார்கள். இந்த முறையில் ஒவ்வொரு விளக்கின் அளவும் 1 முதல் 50 வரையிலான எண்களால் குறிக்கப்படும். அந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தின் நிறத்தையும் சீராக்கினார்கள்.

2000ஆம் ஆண்டில் வெளியான கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படம் இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. மிசிசிப்பியில் கோடைக்காலத்தில், எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேல் என்றிருந்தபோது எடுத்த படம் அது. கதைக்குத் தேவைப்பட்டதோ காய்ந்து போன, புழுதி படிந்த மஞ்சள். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் ஃபிலிமை ஸ்கேன் செய்து, பச்சையை மட்டும் பிரித்து மஞ்சளாக்கினார். பின்னர் இந்த முறை டிஜிட்டல் இன்டர்மீடியட் என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியது. தமிழ்ப் பட டைட்டிலில் டி.ஐ. கலரிஸ்ட் என்று ஒரு பெயர் வருகிறதே, அந்த டி.ஐ. இதுதான்.

நிறம் ஏன் மாறுகிறது?

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிறம் உண்டு. இதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். பழைய குண்டு பல்பு 2700 கெல்வின் அளவில் மஞ்சளாக எரியும். உச்சி வெயில் 5500 கெல்வின். கூல் டேலைட் என்று விற்கப்படும் ட்யூப் லைட் 6500 கெல்வின். வெயில் படாத நிழல் இதைவிடவும் நீலமானது. எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கண்ணும் மூளையும் சேர்ந்து இந்த வேறுபாட்டைச் சமன் செய்துவிடுகின்றன. எந்த வெளிச்சத்திலும் வேட்டி நமக்கு வெள்ளையாகவே தோன்றும். கேமராவும் ஆட்டோ வைட் பேலன்ஸ் என்ற பெயரில் இதைச் செய்ய முயல்கிறது. ஆனால் அது ஊகம்தான். மணமேடையில் குண்டு பல்பு, மேலே ட்யூப் லைட், பின்னால் ஊதா நிற எல்இடி அலங்காரம் என்று மூன்றும் கலந்திருந்தால் கேமரா குழம்பிவிடும். சிவப்புப் புடவை கட்டிய ஒருவர் குறுக்கே நடந்தால்கூட, ஷாட்டின் நடுவிலேயே நிறம் மாறிவிடுவதுண்டு.

எந்த சாஃப்ட்வேர்?

நிறத் திருத்தத்தில் பெயர் பெற்றது டாவின்சி ரிசால்வ். 1984இல் தொடங்கிய டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கருவிகள் ஒரு காலத்தில் பல லட்சம் டாலர் விலையுள்ளவை; பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்தன. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011இல் ஓர் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. இன்றும் இலவசப் பதிப்பு கிடைக்கிறது. ஆனால் அதை வசதியாக ஓட்ட 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும்.

சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் சொல்வது ஷாட்கட். இது முழுக்க இலவசமான ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாதாரண ஹெச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ராம் போதும். 4கே வீடியோ என்றால் 16 ஜிபி இருப்பது நல்லது. ஷாட்கட் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். கீழே சொல்லும் படிகள் ஷாட்கட்டை வைத்து எழுதியவை. ஆனால் வைட் பேலன்ஸ், மூன்று சக்கரம், ஸ்கோப் ஆகிய மூன்றும் நல்ல எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் பலவற்றில் உண்டு. ஒன்றில் பழகிவிட்டால் மற்றதில் தடுமாற மாட்டீர்கள்.

தொடங்கும் முன் மானிட்டரைக் கவனியுங்கள்

விண்டோஸில் நைட் லைட் என்று ஒரு வசதி உள்ளது. மாலையானதும் திரையை மஞ்சளாக்கிக் கண்ணுக்கு இதமாக்கும். அது ஆன் ஆகியிருக்கும்போது நிறம் திருத்தினால், இல்லாத மஞ்சளைக் குறைப்பீர்கள். மறுநாள் காலையில் வீடியோ நீலமாகத் தெரியும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதிக்குச் சென்று அதை ஆஃப் செய்துவிடுங்கள். மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். விவிட், கேம் போன்றவை நிறத்தைக் கூட்டிக் காட்டும்.

லேப்டாப் என்றால் திரையை நேருக்கு நேராக வைத்துப் பாருங்கள். விலை குறைந்த திரைகளில் சற்று மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் ஒரு நிறம். அறையில் கலர் விளக்கு எரிய வேண்டாம்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

மானிட்டரைச் சரி செய்தாலும் கண் ஏமாற்றும். ஒரு மஞ்சள் காட்சியை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே சரியென்று தோன்ற ஆரம்பித்துவிடும். இதற்காகத்தான் ஸ்கோப் என்ற அளவுகோல் உள்ளது. ஷாட்கட்டில் வியூ மெனுவில் ஸ்கோப்ஸ் என்பதைத் தேர்வு செய்தால் ஒரு பட்டியல் வரும். அதில் மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

வீடியோ வேவ்ஃபார்ம்: இது வெளிச்சத்தை அளப்பது. கீழ் எல்லை கருப்பு, மேல் எல்லை வெள்ளை. படத்தின் இடது பக்கத்தில் உள்ளது வரைபடத்திலும் இடது பக்கத்தில் இருக்கும். மேல் எல்லையில் ஒரே கோடாக அப்பிக்கொண்டிருந்தால் அங்கே வெளிச்சம் மிகுந்து விவரம் போய்விட்டது என்று பொருள்.

ஆர்ஜிபி பரேட்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வெள்ளைச் சுவர் போன்ற நிறமற்ற பொருள் இருக்கும் இடத்தில் மூன்றும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நீலம் மட்டும் தாழ்ந்திருந்தால் படம் மஞ்சளாக இருக்கிறது.

வீடியோ வெக்டார்: இது ஒரு வட்டம். நடுப்புள்ளி என்றால் நிறமே இல்லை. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக நிறம் அடர்த்தியாகிறது. எந்தத் திசை என்பது எந்த நிறம் என்பதைச் சொல்லும். இதன் பயனை முகத்தைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

படி 1: வெள்ளையைச் சரி செய்யுங்கள்

ஓப்பன் ஃபைல் மூலம் வீடியோவைத் திறந்து டைம்லைனுக்கு இழுத்து விடுங்கள். செல்போன் வீடியோ என்றால், எடிட் செய்ய ஏற்ற வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று ஷாட்கட் கேட்கலாம். சரி என்று சொல்லிவிடுங்கள். போனில் எடுக்கும்போது ஒரு வினாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். அதைச் சீராக்கத்தான் இந்தக் கேள்வி.

இனி டைம்லைனில் கிளிப்பைத் தேர்வு செய்து, ஃபில்டர்ஸ் பட்டனை அழுத்தி, கூட்டல் குறியைக் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் வைட் பேலன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் நியூட்ரல் கலர் என்பதற்குப் பக்கத்தில் மை உறிஞ்சும் குழாய் போன்ற ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்து, படத்தில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க வேண்டிய ஓர் இடத்தில் சிறு கட்டமாக இழுத்து விடுங்கள். நொடியில் படத்தின் மஞ்சள் விலகுவதைப் பார்க்கலாம்.

எந்த இடத்தைத் தொடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் வீட்டு விசேஷங்களில் வேட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா வேட்டியும் உதவாது. பட்டு வேட்டி பெரும்பாலும் சந்தன நிறம் கலந்தது; அதை வெள்ளை என்று காட்டினால் படம் நீலமாகும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் லேசான நீலம் உண்டு. அதைக் காட்டினால் படம் மஞ்சள் பக்கம் போகும். வெளிச்சம் நேராக விழுந்து கண் கூசும் இடமும் வேண்டாம். அங்கே மூன்று நிறமும் உச்சத்தைத் தொட்டிருப்பதால் உண்மை அளவு பதிவாகியிருக்காது. எவர்சில்வர் பாத்திரம் சுற்றியுள்ள நிறத்தையெல்லாம் வாங்கிக் காட்டும், அதுவும் ஆகாது. நல்ல வெளிச்சத்தில் உள்ள, ஆனால் கண் கூசாத சாதாரணக் காட்டன் சட்டை, வெள்ளைக் காகிதம், நெற்றியில் பரவலாகப் பூசிய விபூதி ஆகியவை ஏற்றவை. இரண்டு மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்து, ஆர்ஜிபி பரேடில் எது சமமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் போலப் பல விளக்குகள் கலந்த இடத்தில் எல்லா மூலையையும் ஒரே சமயத்தில் சரி செய்ய முடியாது. முகத்தின் மீது எந்த விளக்கு விழுகிறதோ, அதே விளக்கு விழும் வெள்ளையைத் தொடுங்கள். பின்னாலுள்ள அலங்காரம் கொஞ்சம் ஊதாவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 2: மூன்று சக்கரங்கள்

அடுத்து, அதே கிளிப்புக்குக் கலர் கிரேடிங் என்ற ஃபில்டரைச் சேருங்கள். மூன்று வண்ணச் சக்கரங்கள் வரும். ஷேடோஸ் என்பது படத்தின் இருண்ட பகுதியையும், மிட்டோன்ஸ் நடுத்தரப் பகுதியையும், ஹைலைட்ஸ் வெளிச்சமான பகுதியையும் முக்கியமாகப் பாதிக்கும். சக்கரத்துக்குள் உள்ள புள்ளியை நகர்த்தினால் நிறம் மாறும். பக்கத்தில் உள்ள ஸ்லைடரை நகர்த்தினால் வெளிச்சம் மாறும்.

1. வேவ்ஃபார்மைப் பார்த்தபடி ஷேடோஸ் ஸ்லைடரை மெல்லக் குறைத்து, தலைமுடி போன்ற கருமையான பகுதி கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி செய்யுங்கள். படத்தின் மீது பனி படர்ந்தது போன்ற மங்கல் போய்விடும்.

2. ஹைலைட்ஸ் ஸ்லைடரால் வெள்ளைச் சட்டையை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டு வாருங்கள். கோட்டைத் தொட வேண்டாம்.

3. மிட்டோன்ஸ் ஸ்லைடரைக் கடைசியில் தொடுங்கள். முகம் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் இருக்கும்.

4. பரேடில் இருண்ட பகுதியில் மட்டும் நீலம் தூக்கி நின்றால் ஷேடோஸ் சக்கரத்தின் புள்ளியை நீலத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது மஞ்சள் பக்கம், கொஞ்சம் நகர்த்துங்கள்.

எதையும் கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றுங்கள். ஃபில்டர் பெயருக்கு அருகில் உள்ள டிக் குறியை எடுத்துவிட்டும் போட்டும் பார்த்தால் முன்பு எப்படி, இப்போது எப்படி என்பது தெரியும்.

படி 3: முகம்

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. முகத்தின் மீது வெளிச்சமான இடத்தில் படத்தைப் பெரிதாக்கி வீடியோ வெக்டாரைப் பாருங்கள். வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, கடிகாரத்தில் 11 மணி முள் நிற்கும் திசையில், சாய்வாக ஒரு கோடு இருக்கும். மனிதத் தோலின் நிறம் விழும் கோடு அது. வெள்ளைக்காரராக இருந்தாலும், மாநிறமாக இருந்தாலும், கறுப்பாக இருந்தாலும் தோலின் நிறம் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டியே விழும். காரணம், எல்லோர் தோலிலும் உள்ளது ஒரே மெலனின். தோலுக்கு அடியில் ஓடுவது ஒரே ரத்தம். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் முக்கிய வேறுபாடு வெளிச்ச அளவில்தான்; அதை வேவ்ஃபார்மில் பார்க்கலாம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. முகம் கோட்டிலிருந்து விலகிப் பச்சைப் பக்கமோ ஊதாப் பக்கமோ போனால் அது பிழை; திருத்துங்கள். முகம் வேவ்ஃபார்மில் தாழ்வாக இருப்பது மட்டும் பிழையல்ல. அது அந்த மனிதரின் நிறமாக இருக்கலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிறம் திருத்துவது என்பதை வெளுப்பாக்குவது என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் தம் மகளின் நிச்சயதார்த்த வீடியோவைப் பென் டிரைவில் கொண்டு வந்தார். எடுத்துக் கொடுத்தவர்கள் அக்கறையாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் பெண்ணின் முகம் மாவு பூசியது போல் இருந்தது. அரக்கு நிறப் புடவை ரோஸ் நிறமாகியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரின் வேட்டியில் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை. வீட்டில் போட்டுக் காட்டியபோது நண்பரின் தாயார், "இதுல நம்ம புள்ள எங்கடா?" என்று கேட்டாராம்.

ஸ்கோப்பைத் திறந்து பார்த்ததும் என்ன நடந்தது என்பது விளங்கியது. ஒட்டுமொத்த வெளிச்சத்தையும் தூக்கி, நிறத்தின் அடர்த்தியைக் குறைத்திருந்தார்கள். வேவ்ஃபார்மில் முகம் மேல் எல்லைக்குப் பக்கத்தில் நின்றது. வெக்டாரில் தோல் கோட்டின் மீது நீண்டிருக்க வேண்டிய தடம் நடுப்புள்ளிக்கு அருகே சுருங்கிக் கிடந்தது. தோலிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாம்பல்தான், அழகு அல்ல.

அந்த ஃபைலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் வேட்டி சாம்பலானதே தவிர, மடிப்புகள் திரும்பி வரவில்லை. ஒருமுறை உச்சத்தைத் தொட்டு அழிந்த விவரம் அந்த ஃபைலில் கிடையாது. எனவே எடுத்தவர்களிடமே கேட்டு, கேமராவிலிருந்து இறக்கிய ஒரிஜினல் கிளிப்புகளை வாங்கி வரச் சொன்னேன். நல்ல வேளையாக அவற்றை அவர்கள் அழித்திருக்கவில்லை.

ஒரிஜினலில் இருந்த குறை சிறியதுதான். லேசான மஞ்சள், முகத்தில் சற்று வெளிச்சக் குறைவு. வைட் பேலன்ஸ் போட்டு, மிட்டோன்ஸை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, முகத்தைத் தோல் கோட்டில் நிறுத்தினேன். கறுத்த முகம் கறுத்த முகமாகவே இருந்தது. ஆனால் கண்ணும் மூக்குத்தியும் சிரிப்பும் தெரிந்தன. புடவை மறுபடியும் அரக்கானது. அந்தப் பெண் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டுக்கு இதையே அனுப்புங்க அங்கிள்" என்றார்.

இந்தச் சாய்வு நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அவருடைய முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் இருண்டு போவதைப் பற்றி லேப்கள் கவலைப்படவில்லை. 1990களில்தான் பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கும் கார்டை கோடாக் வெளியிட்டது. இன்று நம் கையில் ஸ்கோப் இருக்கிறது. யாரோ ஒருவரின் முகத்தை அளவாக வைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

படி 4: காட்சிக்குக் காட்சி ஒற்றுமை

ஒரு கிளிப்பைச் சரி செய்துவிட்டால், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற கிளிப்புகளுக்கு அந்த ஃபில்டர்களை அப்படியே காப்பி செய்யலாம். ஃபில்டர்ஸ் பகுதியில் காப்பி, பேஸ்ட் பட்டன்கள் உள்ளன. ஆனால் மண்டபத்துக்குப் போட்ட ஃபில்டரை வாசலில் எடுத்த காட்சிக்கு ஒட்ட வேண்டாம். அதற்கு வெளிச்சம் வேறு. படி 1லிருந்து தனியாகச் செய்யுங்கள்.

பிறகு இரண்டு கிளிப்பும் சேரும் இடத்தை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் வரும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணின் புடவை இதற்கு மிகவும் நல்லது. வீட்டில் எல்லோருக்கும் அந்தப் புடவையின் நிறம் தெரியும்; கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எடுத்ததாயிற்றே! குங்குமமும் மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள் ஆரஞ்சாகத் தெரிந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் வீட்டிலுள்ள பாட்டியாகத்தான் இருப்பார்.

கடைசியாகக் கிரேடிங்

இவ்வளவும் முடிந்த பிறகு, விருப்பமிருந்தால் கிரேடிங் செய்யலாம். இதற்கு லட் என்ற ஆயத்த ஃபைல்கள் கிடைக்கின்றன. கியூப் என்ற எக்ஸ்டென்ஷனுடன் வரும் இந்த ஃபைல் உண்மையில் ஒரு பெரிய அட்டவணை. இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக மாற்று என்று அதில் எழுதியிருக்கும். பரவலாக உள்ள 33 புள்ளி வகையில் மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 35,937 மாற்றங்கள் பதிவாகியிருக்கும்.

அட்டவணைக்கு உங்கள் வீடியோ மஞ்சளா நீலமா என்பது தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் அது வேலை செய்யும். திருத்தாத வீடியோவில் லட் போட்டால் விகாரமாக வருவது இதனால்தான். ஷாட்கட்டில் ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக வரிசைப்படி வேலை செய்வதால், வைட் பேலன்ஸ், கலர் கிரேடிங் இரண்டுக்கும் கீழே லட் ஃபில்டரை வையுங்கள்.

ஆங்கிலப் படங்களில் அதிகம் காணும் நீலப்பச்சையும் ஆரஞ்சும் கலந்த பாணிக்கு ஒரு காரணம் உண்டு. தோலின் நிறம் ஆரஞ்சைச் சேர்ந்தது. அதற்கு நேர் எதிர் நிறம் நீலப்பச்சை. பின்னணியை அந்தப் பக்கம் தள்ளினால் முகம் எடுப்பாகத் தெரியும். சுற்றுலா வீடியோவுக்கு இது அழகாக இருக்கும். வீட்டு விசேஷத்துக்கு இதைப் போட்டால் வாழை இலையின் பச்சை மாறிவிடும். இருபது வருடம் கழித்துப் பார்க்கப் போகும் வீடியோவில் இந்த வருட மோஸ்தரைக் கலக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எதைத் திருத்த முடியாது?

செல்போன் வீடியோ பெரும்பாலும் 8 பிட் அளவில் பதிவாகிறது. அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இடத்தை மிச்சப்படுத்த, நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலைத்தான் எழுதி வைக்கும். எனவே லேசான திருத்தத்தைத் தாங்கும். பலமாக இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். முகத்தில் கட்டம் கட்டமாக வரும். அப்படி வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். முழுவதும் சரியான நிறத்தைவிட, கொஞ்சம் மஞ்சளான ஆனால் சுத்தமான படம் மேல்.

புதிய ஐபோன்களிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் ஹெச்டிஆர் வீடியோ என்ற தேர்வு உண்டு. அப்படி எடுத்தவை சாதாரண எடிட்டிங்கில் வெளிறித் தெரியலாம். எடிட் செய்யப் போகிறீர்கள் என்றால், எடுப்பதற்கு முன்பே கேமரா செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்துவிடுங்கள். எடுக்கும்போது முகத்தின் மீது விரலைச் சற்று நேரம் வைத்து அழுத்தினால் பல போன்களில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். ஷாட்டின் நடுவில் வெளிச்சம் ஏறி இறங்கும் தொல்லை குறையும். எடுக்கும்போது செய்யும் இந்தச் சிறு கவனம், எடிட்டிங்கில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபைலைச் சேமிப்பது

வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி, டிஃபால்ட் என்ற தேர்விலேயே விட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எங்கும் ஓடக்கூடிய எம்பி4 ஃபைல் கிடைக்கும். அதை உங்கள் மானிட்டரில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஒரு போனிலும் வீட்டு டிவியிலும் போட்டுப் பாருங்கள். டிவியில் விவிட் என்று இருந்தால் ஸ்டாண்டர்டு அல்லது மூவி என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.

ஷாட்கட் உங்கள் ஒரிஜினல் ஃபைலைத் தொடுவதில்லை. திருத்தங்களை மட்டும் தனியாக ஒரு புராஜெக்ட் ஃபைலில் எழுதிக்கொள்கிறது. ஆகவே வீடியோவையும் புராஜெக்ட் ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். மெசேஜ் வழியாக வந்த வீடியோவை ஒரிஜினல் என்று எண்ண வேண்டாம். அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டிருக்கும். எடுத்த போனிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள்.

வெளியாட்களைக் கொண்டு விசேஷம் எடுக்கிறீர்கள் என்றால், முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, முகத்தை வெளுப்பாக்க வேண்டாம். இரண்டு, எடிட் செய்த வீடியோவுடன் கேமரா ஒரிஜினலும் வேண்டும். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் அவர்கள் பழையதை அழித்துவிடுவார்கள். அதற்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் கையில் இருந்தால், இன்று சரியாக வராத நிறத்தை, இன்னும் நன்றாகப் பழகிய பிறகு அடுத்த ஆண்டு உட்கார்ந்துகூடத் திருத்திக்கொள்ளலாம்.